மதுரையில் ஒரு நிமிஷம் சைலன்ஸ்

காலை ஆறு பத்து. ஹாஸ்டல் வராந்தாவில் நான் முதலில் பார்த்தது ஒரு மெத்தை. அது நின்றுகொண்டிருந்தது. அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. பல் துலக்கப் போன நான், "யாருப்பா அது?" என்றேன். மெத்தைக்குள்ளிருந்து கட்டடம் அதிரப் பதில் வந்தது: "சைலன்ஸ்!"

வெளிச்சத்தம் புகாமல் மெத்தையைச் சுற்றிக்கொண்டு உள்ளே மைக்கோடு நின்றவன் என் வகுப்புத் தோழன். மதுரை மாநகரில் ஒரு நிமிடம் முழு அமைதி கிடைக்கும் என்று நம்பியவன், நான் அறிந்தவரை, அவன் ஒருவன்தான். அந்த அமைதியைக் குலைப்பதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் கத்தினால் வைகைக்கு அக்கரையில் நாய்கள் எழுந்துகொள்ளும். 'சைலன்ஸ்' என்பதே பெயராயிற்று. கல்லூரிப் பதிவில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான்.

பாதிரியார்கள் நடத்தும் கத்தோலிக்கக் கல்லூரியில் நாங்கள் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தோம். வகுப்பில் எல்லாரும் டைரக்டராக வந்தவர்கள். இவன் மட்டும் சவுண்ட். ஒரு காட்சியை எடுத்து முடித்ததும் அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்வது தொழில் வழக்கம். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட உதவும். அந்த ஒட்டுத்துணியைத்தான் அவன் பட்டுச்சேலை என்று நினைத்தான்.

இரண்டாம் ஆண்டில் சவுண்ட் பேப்பருக்கு ஒரு நிமிட ஃபைல் கொடுத்தான். துறைத் தலைவரான ஃபாதர் கேட்டுப் பார்த்தார்.

"என்னப்பா, ஒண்ணுமே கேக்கலையே?"

"அதத்தான் ஃபாதர் ரெக்கார்ட் பண்ணிருக்கேன்."

ஃபெயில். மறு வாய்ப்புக் கொடுத்தார். மறுபடியும் ஒன்றுமே இல்லாத ஃபைல். "இது வேற ஃபாதர். இது சாயங்காலம் எடுத்தது." மறுபடியும் ஃபெயில்.

இறுதியாண்டில் ஃபாதர் தீர்த்துச் சொன்னார்: குறும்படத்தில் ஒலி சுத்தமாக இருந்தால் அரியரும் அதோடு தீரும், இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. அந்தக் குறும்படத்துக்கு நான் டைரக்டர்.

அவனுக்கு ஒரு ஹெட்போன் உண்டு. கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் தூங்குவான். ஒருமுறை ஃபாதரே கேட்டும் தரவில்லை. "அது என் காது ஃபாதர்" என்றான்.

முதல் படப்பிடிப்பு வண்டியூர் தெப்பக்குளத்தில். காட்சி முடிந்ததும் படிக்கட்டில் ஏறி நின்று, "எல்லாரும் ஒரு நிமிசம் சைலன்ஸ்!" என்று கத்தினான். சுண்டல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் குல்லாவைக் கழற்றினார். சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கித் தலைகுனிந்தார்கள். ஒரு நிமிட அமைதி எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, யாரு தவறிட்டாக?"

நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"நல்ல மனுசன்" என்று அவரே முடிவுசெய்து, சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

அந்த ஒரு மூக்குக்காக சைலன்ஸ் முழுப் பதிவையும் அழித்தான்.

அடுத்து கீழக்குயில்குடி சமணர் மலை. முனிவர்கள் பேசாமல் கிடந்த இடமென்பது அவன் கணக்கு. கற்படுக்கையில் மைக்கைப் படுக்கவைத்தான். அடிவாரக் கோயிலில் காதுகுத்து. குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. "நிறுத்தச் சொல்லிட்டு வாரேன்" என்று இறங்கினான். சற்று நேரத்தில் அவன் குரலே ஸ்பீக்கரில் வந்தது: "எல்லாரும் அமைதியா இருங்க!" தாய்மாமன் மைக்கை இவன் கையிலேயே கொடுத்துவிட்டார் போல. பாட்டு நின்றது. பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்து ஆசாரி குழந்தையின் காதைக் குத்தினார். மைக் அணைக்கப்படவில்லை. அலறல் எங்களுக்கு இரண்டுமுறை கேட்டது. மலை ஒருமுறை திருப்பி அனுப்பியது. சைலன்ஸ் ஏப்பத்துடன் ஏறி வந்தான்.

"சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாக மாப்ள. கறி என்னா பதம்ங்கிற!"

மிச்சமிருந்தது கடைசிக் காட்சி. கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒருவன் காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பான். வசனம் இல்லை. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் அவன் முகத்தில் விழுவது நண்பகலில். மாதாவுக்கான மூவேளைச் செபத்துக்கு மணி அடிப்பதும் நண்பகலில்தான்.

"சத்தத்தப் பத்து மணிக்கே எடுத்து அப்புறம் ஒட்டிக்கலாம்டா" என்றேன்.

"பத்து மணி அமைதி வேற, பன்னெண்டு மணி அமைதி வேற மாப்ள."

மணி அடிப்பவர் கோயில்பிள்ளை. ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பந்த், புயல் எதற்கும் மணியை விட்டதில்லை. சைலன்ஸ் போய்க் கேட்டான்.

"ஒங்க படத்துக்காக மாதாவக் காக்க வைக்கச் சொல்றியா?" என்றார்.

ஃபாதரிடம் போனோம். "பாப்பரசரே வந்து சொன்னாலும் அவரு கேக்க மாட்டாருப்பா" என்று கைவிரித்தார்.

சைலன்ஸ் விடவில்லை. கோயில்பிள்ளை போகுமிடமெல்லாம் பின்னால் போனான். "டிகிரி போயிரும்ணே" என்று மெழுகுவத்திகளுக்கு நடுவே காலில் விழுந்தான்.

"எந்திரிடா. ஒருநா அடிக்கல. என் மணிய விட ஒசத்தியா அப்படி என்னத்தப் புடிக்கப் போற? நானும் வந்து பாக்குறேன்."

அந்த நாள் மணி அடிக்கவில்லை. எனவே மெஸ் திறக்கவில்லை. எதிர் டீக்கடையில் வடை எண்ணெயில் இறங்கவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் பாடத்தை நிறுத்தவில்லை. பணவீக்கம் பெருகிக்கொண்டே போனது. சிற்றாலயத்தில் நடிகன் முகத்தில் வெயில் விழுந்தது. ஒரு இருமல் இல்லை. "கட்" சொல்லிவிட்டுத் திரும்பினேன். சைலன்ஸ் ஹெட்போனைக் கழற்றினான்.

"சரியில்ல மாப்ள."

"என்னடா சரியில்ல? எறும்பு நடந்தாக் கேக்குது!"

"வெறுமனே இருக்கு. மணி அடிச்சு ஓயணும். அப்பத்தான் அமைதின்னு தெரியும்."

கடைசி பெஞ்சிலிருந்து கோயில்பிள்ளை எழுந்தார்.

"அடிக்காதன்னு கால்ல விழுந்த. பாவத்தக் கட்டிக்கிட்டு அடிக்காம இருந்தேன். இப்ப அடிங்கிறியா?"

"நாளைக்கு அடிங்கண்ணே."

"நாளைக்கு நீ சொல்லணுமாடா? நான் அடிப்பேன். தடுத்துப் பாரு!"

மறுநாள், படத்தை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், அடித்தார். முந்தின நாள் பாக்கிக்கும் சேர்த்து அடித்த மாதிரி இருந்தது. கடைசி அடி விழுந்ததும், கேமரா ஓடிக்கொண்டிருக்க, சைலன்ஸ் வெறுங்காலில் ஓசையில்லாமல் நடந்துபோய், கயிற்றைப் பிடித்தபடி நின்ற கோயில்பிள்ளையின் காதுகளில் தன் ஹெட்போனை மாட்டிவிட்டான். மணி ஓய்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் யாரும் அசையவில்லை.

ஃபாதர் எடிட்டிங் அறையில் படம் பார்த்தார்.

"நல்லா வந்துருக்குப்பா. ஆனா கடைசில யாரோ மூக்க உறிஞ்சுறாங்களே? அத மட்டும் வெட்டிட்டுக் குடு. பாஸ் போட்டுர்றேன்."

"மாட்டேன் ஃபாதர்."

நான் அவன் காலை மிதித்தேன்.

"டிகிரி வேணாமாப்பா?"

"வேணும் ஃபாதர்."

"யாரு அது?"

"மணி அடிக்கிற அண்ணன்."

சைலன்ஸ் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி அவர் முன்னால் வைத்தான். ஃபாதர் அதை மாட்டிக்கொண்டு, கடைசி நிமிடத்தைக் கண்ணை மூடி மறுபடி கேட்டார்.

அவன் பாஸானான். அந்த மூக்குறிஞ்சல் படத்தில் இன்னும் இருக்கிறது.