பரம்பரை நெசவாளர் தம்பித்துரை

பாடன், சுவிற்சர்லாந்து.
14.10.1986

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அத்தான் யோகராஜா அவர்கட்கு,

இங்கு குளிரில் விறைக்கும் கால்விரல்களைத் தவிர நான் முழுச்சுகம். அங்கு நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் பாரமாக இருக்கும் என் மனைவி தில்லைநாயகியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நிற்க. சமாதான நீதவான் என்ற முறையில் உங்களிடம் ஓர் அத்தாட்சிப் பத்திரம் கேட்கவே இதை எழுதுகிறேன். தம்பித்துரையாகிய நான் பரம்பரை நெசவாளன் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒப்பமிட்டு, உங்கள் முத்திரையைக் குத்தி உடனே அனுப்ப வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டாம், சரியாகத்தான் வாசித்தீர்கள். எங்கள் பரம்பரையில் தறியைத் தொட்டவன் ஒருவனும் இல்லை என்று உங்கள் முகம் சிவப்பது இங்கிருந்தே தெரிகிறது. பரம்பரை பரம்பரை என்று சொல்லி ஊரில் நாங்கள் கண்ட மிச்சம் என்ன என்பதைப் பிறகு ஆறுதலாகக் கதைப்போம். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

இங்கு வந்த புதிதில் நடந்த அகதி விசாரணையில் தொழில் என்ன என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருடம் தபாலதிபர் என்றேன். அத்தாட்சி கேட்டார்கள். தபால் கந்தோரோடு எரிந்துபோனது என்றேன். எரிந்ததை உறுதிப்படுத்தி அந்தத் தபால் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் எடுக்க முடியுமா என்றார்கள். சாம்பலிடம் போய்க் கேட்கவா? தொழில் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு பைலை மூடிவிட்டார்கள். அந்தப் பைல் சரிவந்தால்தான் தில்லைநாயகியைக் கூப்பிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். என் அறையில் இருக்கும் தவச்செல்வன், ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவன், "அண்ணை, கந்தோருக்குப் போய் வேபரைக் கேளுங்கோ. எங்கட ஆக்களின்ர பைலெல்லாம் அவரிட்டத்தான் இருக்கு" என்றான். போனேன். அங்கிருந்த பெண்பிள்ளை என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். 'ஓம்' என்பதற்கான 'யா'வை விட்டால் எனக்கு அப்போது தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் 'இஹ்', அதாவது 'நான்'. அதோடு அந்த ஐயாவின் பெயரைச் சேர்த்து, "இஹ்... வேபர்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் இடமும் வலமுமாக ஆட்டி ஏதோ கேட்டாள். வேபர் ஐயாவுக்கு அங்குமிங்கும் ஓட்டம் அதிகமாக்கும் என்று விளங்கிக்கொண்டு "யா, யா" என்றேன். உடனே கேள்விக்குறியை அழித்துவிட்டு அழகாக எழுதினாள். வேபர் என்றால் இந்தப் பாஷையில் நெசவாளன் என்பது, கைத்தொழில் மறந்துபோகாமல் இருக்கத் தேவாலயத்துப் பெண்கள் நடத்தும் தறிக்கூடத்துக்குப் போகவும் என்று கந்தோரிலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. நான் சொன்ன உண்மை ஒன்றையும் நம்பாதவர்கள், நான் சொல்லாத பொய்யை ஒரு துண்டுக் கடதாசியும் கேட்காமல் நம்பிவிட்டார்கள். போய்த் திருத்திவிட்டு வருகிறேன் என்று சப்பாத்தைப் போட்டேன். "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. மாத்திச் சொன்னா முரண்பாடு எண்டு எழுதிப்போட்டுப் பிளேனில ஏத்திவிடுவினம்" என்றான் தவச்செல்வன். சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

தறிக்கூடத்தில் எனக்கு வாய்த்த ஆசிரியையின் குடும்பப் பெயர் அம்மான். அறுபது வயதுப் பெண்ணை அம்மான் என்று கூப்பிட எனக்கு ஒரு கிழமை நாக்கு எழவில்லை. முதல்நாள் அம்மான் என்னைத் தறியில் இருத்திவிட்டு, என்னிடமிருந்து ஏதாவது கற்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர்த் தறி வேறு மாதிரி என்று கையால் சொல்லித் தப்பினேன். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் முந்நூற்று இருபது, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கண்ணுக்குள் கோர்க்க வேண்டும். மூன்று நாள் கோர்த்தேன். நாற்பத்தோராவது நூல் கண் மாறிவிட்டது என்று கடைசி நூலில் கண்டுபிடித்து, அம்மான் புன்னகையோடு எல்லாவற்றையும் உருவினாள். சைக்கிள் மிதித்த கால் மிதிபலகைகளை ஒன்றாக மிதித்ததில் நூல் வழிவிடாமல், குறுக்கு நூலைக் கொண்டு ஓட வேண்டிய நாடாக்கட்டை மேலே பாய்ந்து, கூடத்தைப் பார்க்க வந்த போதகர் குடித்துக்கொண்டிருந்த கோப்பிக்குள் விழுந்தது. நூலை இறுக்கி இழுத்ததில், அரை மீற்றர் அகலத்தில் தொடங்கிய துணி போகப்போகச் சுருங்கிக் கோவணமாகிவிட்டது. அம்மான் அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, இது உங்கள் நாட்டு உடுப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன், அதில் பொய்யுமில்லை. இரண்டு மாதமாயிற்று. போன கிழமை ஒரு முழம் துணி இரண்டு கரையும் நேராக வந்தது. இந்த வயதில், இந்த நிலையில், அதைக் கண்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

வருகிற மாதம் இருபதாம் திகதி அந்த வேபர் ஐயாவே என் நெசவைப் பார்க்க வருகிறாராம். கையில் துணியும் பைலில் உங்கள் பத்திரமும் இருந்தால் தப்பிவிடுவேன். அக்காவுக்கு என் அன்பு. தில்லைநாயகியிடம் கோப்பிக் கதையை மட்டும் சொல்லவும், சிரிப்பாள். உங்கள் கைக்கும் முத்திரைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுள் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
தம்பித்துரை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வேபர் ஐயா இன்றே தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார், மொழிபெயர்க்கச் சிவமலர் என்ற தமிழ்ப் பிள்ளையும் கூட வந்தாள். மனிதர் என் கையைப் பிடித்து, ஊரில் மனைவி சுகமா என்று கேட்டார். பதினொரு மாதத்தில் எந்தக் கந்தோரிலும் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. "பிள்ளை, உள்ளதைச் சொல்லுங்கோ. நான் போஸ்ட்மாஸ்டர். ஆவணிக்கு முதல் தறியைக் கண்ணாலயும் காணேல்லை" என்றேன். அவர் துணியைத் தடவிப் பார்த்தார், இரண்டு கரையையும் பார்த்தார், பைலில் எழுதினார். "ஐயா, ரெண்டு மாசத்தில ஒருத்தராலயும் இப்பிடி நெய்யேலாதாம். நீங்கள் பொய் சொல்லுறியளாம். முரண்பாடு எண்டு எழுதிட்டார்" என்றாள் சிவமலர். நான் நெசவாளன் அல்ல என்பதற்கு முப்பது நாளுக்குள் அத்தாட்சி வேண்டுமாம். ஆகையால் மேலே கேட்டதை எழுத வேண்டாம். நான் தபாலதிபராக இருந்தவன், எங்கள் பரம்பரையில் ஒருவனும் தறியைத் தொட்டதில்லை என்று எழுதி அனுப்புங்கள். இந்த முறை நீங்கள் எழுதப்போவது முழு உண்மை, அத்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.