மச்சினனும் நாலு முட்டையும்

இந்த வருஷம் என் மச்சினன் எங்கள் வீட்டில் தங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. வீரத்திலும் ஒரு நிதானம் வேண்டும்.

மச்சினன் பறவை பார்க்கிறவன். பிழைப்புக்கு வேறு ஏதோ செய்கிறான். அது யாருக்கும் நினைவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கு வேற்று தேசத்து வாத்தும் நாரையும் வரும் பருவத்தில், அவற்றோடு இவனும் வந்து இறங்குவான். அவை ஏரியோடு நிறுத்திக்கொள்ளும். இவன் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் பின்னறை வரை வருவான். விடியுமுன் எழுந்து ஜன்னலருகே நின்று விசிலடிப்பான். கேட்டால், தையல்சிட்டோடு பேசுகிறானாம். தையல்சிட்டு பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பால்காரர் மட்டும் ஒருமுறை கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

அதில் அழகே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏரிமேல் முதல் வெளிச்சம் விழும்போது ஒரு நாரை சிறகை விரித்தால், தண்ணீரே எழுந்து பறப்பது போலிருக்கும். நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒருவன் என் சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அவன் பக்தியாலேயே அவனை மடக்கத் திட்டமிட்டேன். பூங்காவில் விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றைக் கொண்டுவந்து பின்னறை ஜன்னல் கம்பிகளுக்கிடையே செருகினேன். கடையில் காடை முட்டை வாங்கி, நாலை அதில் வைத்தேன். கூடு இருக்கிற அறையில் பறவைப் பிரியன் படுப்பானா? லாட்ஜுக்குப் போகிறேன் அத்தான் என்று அவனே கண்கலங்குவான்.

அவன் வந்து பையை இறக்கியதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாவம்மா, வாயில்லாத ஜீவன். ரூமைப் பூட்டிடலாமா?"

அவள் முட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து ஜீவன் மேல இரக்கம் வந்துச்சு?"

"வயசாகுதில்ல."

"டேய் தம்பி, இங்க வா. அத்தான் என்னமோ காட்டறாரு பாரு."

மச்சினன் வந்தான். ஓரடி தூரத்திலிருந்த கூட்டைப் பைனாகுலரில் பார்த்தான்.

"அத்தான், இது காடை முட்டை."

"இருக்கட்டுமே. காடை குடும்பம் நடத்தக் கூடாதா?"

"காடை தரையிலதான் முட்டையிடும் அத்தான். புல்லை ஒதுக்கிக்கிட்டு உட்கார்ந்துக்கும். மூணாவது மாடி ஜன்னல்ல இட்டதா இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

"அப்ப?"

"அப்ப இது அதிசயம்." அவன் குரல் தழுதழுத்தது. "இதை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

"ரூம் பூட்டியிருக்குமேப்பா. எங்க படுப்ப?"

"நம்ம ரூம்ல படுக்கட்டும்," என்றாள் மனைவி. "ஏசி இருக்கு. நான் ஹால்ல படுத்துக்கறேன்."

"நான்?"

"நீங்க இங்கதான். தாய்ப்பறவையைக் காணோம். புது ஆளைப் பார்த்தா கிட்டயே வராது. உங்க மூஞ்சி அதுக்குப் பழகியிருக்கும்."

"ஆமா அத்தான். ஃபேன் மட்டும் போடாதீங்க, மிரண்டுடும்."

"வெந்து போயிடுவேனே."

"முட்டைக்கும் சூடு வேணுமில்ல," என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? உன் தம்பியைத் துரத்த நான்தான் முட்டை வைத்தேன் என்றா? சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும்.

பின்னறையில் கூட்டுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எந்தப் பருவத்திலும் வியர்க்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிர்ச் சுவரில் ஒரு மைனா வந்து அமர்ந்து, தலையைச் சாய்த்து என்னைக் கவனித்தது. பறந்து போய் இன்னொரு மைனாவை அழைத்து வந்தது. இரண்டும் சேர்ந்து ரசித்தன.

சமையலறையிலிருந்து மணம் வந்தது. மனைவி கதவை ஒருவிரல் அளவு திறந்து, பறவை மிரளாத குரலில் சொன்னாள்:

"ஃப்ரிட்ஜுல கத்திரிக்காய்க்குப் பின்னால மிச்ச முட்டையை ஒளிச்சு வச்சிருந்தீங்களே, அதைத் தம்பிக்கு வறுத்துக் கொடுத்துட்டேன். உங்களுக்கு எடுத்து வைக்கல. பெத்த மனசு தாங்காது."