இரவல் பிள்ளைகளும் இன்ஸ்பெக்டரும்

என் உத்தியோக வாழ்க்கையில் நான் திறமையாகச் செய்து முடித்த ஒரே காரியம், ஒரு பள்ளிக்கூடத்தை மூட வைத்தது. அதையும் ஒரே முற்பகலில் முடித்தேன்.

1940களில் செஞ்சிக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சேரியில் ஓராசிரியர் பள்ளி இருந்தது. அந்த ஓராசிரியர் நான்தான். ட்ரெயினிங் முடித்த கையோடு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் வந்து இறங்கியிருந்தேன். (பாறை வெடிக்கிற வெயிலில் கோட்டு!) ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடவே பிறந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம்.

இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. பாதிப் பிள்ளைகளாவது வகுப்பில் இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். அதுவோ மல்லாட்டை பிடுங்கும் காலம் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). பிள்ளைகள் பெற்றவர்களோடு கொல்லை வேலைக்குப் போய்விடுவார்கள் (கொல்லை என்றால் எங்களுக்கு வயல்காடு). அவர் வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன்.

"கொல்லையில சொல்லிட்டு ஓடியாந்துடுறோம் சார்" என்றாள் பச்சையம்மாள். நான்காம் வகுப்பு. நான் பாடம் நடத்திய பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி.

நான் நம்பவில்லை. இதுகளாவது வருவதாவது என்று நினைத்தேன். ஆமாம், 'இதுகள்' என்றுதான் நினைத்தேன்.

ஆகவே மூளையை உபயோகித்தேன். பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று திருநாள் விடுமுறை. ஆளுக்கொரு பொரியுருண்டை தருவதாகச் சொல்லி, எண்ணெய் வைத்துத் தலைவாரிய பிள்ளைகளாகப் பார்த்து அங்கிருந்து இரவல் வாங்கிவந்தேன். ஏழுமலை, மண்ணாங்கட்டி என்று என் பிள்ளைகளின் பெயரை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். லூர்துமேரி என்ற சின்னப் பெண்ணுக்குப் பச்சையம்மாள் பெயர்.

இன்ஸ்பெக்டர் வந்தார், உட்கார்ந்தார், பதிவேட்டைத் திறந்தார். வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் என் பிள்ளைகள்! அத்தனை பேரும். கையெல்லாம் செம்மண், கக்கத்தில் சிலேட்டு. உட்கார இடமில்லாமல் நின்றார்கள்.

"யாருய்யா இவங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு விநாடி கிடைத்தது. "வேடிக்கை பாக்க வந்தவங்க சார்" என்றேன்.

பச்சையம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் இரண்டு இரவல்களும் "உள்ளேன் ஐயா" என்றன. அடுத்து, "பச்சையம்மாள்." லூர்துமேரி வாயே திறக்கவில்லை. கண்ணைக் காட்டினேன். இருமினேன். அவள் விசும்பிக்கொண்டே, "பொய் சொன்னா பாவம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க சார். எனக்குப் பொரியுருண்டை வேணாம்" என்றாள்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது: "உள்ளேன் ஐயா."

அடுத்த பெயருக்கு உள்ளேயிருந்து ஒருவன், வெளியேயிருந்து ஒருவன். அதற்கடுத்ததற்கும் அப்படியே. இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பொய் வருகை என்று எழுதினார்.

"சார், வெளிய நிக்கிறவங்கதான் நிஜம்" என்று கெஞ்சினேன்.

"அப்ப நீதான்யா பொய்" என்றார்.

நான் வந்த பிறகு ஒருவர்கூடக் குறையாமல் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

பள்ளியை மூடினார்கள். எனக்குத் தண்டனை, வேறு ஊருக்கு மாற்றல். பிற்பாடு தலைமையாசிரியராகவும் ஆனேன் (வெட்கம் கெட்ட உலகம்). பிள்ளைகளுக்கு மாற்றல் போட யாரும் இல்லை.

பல வருஷம் கழித்துச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். நழுவப் பார்த்த என்னைப் பிடித்துவிட்டாள். "ஏய், இங்க வாடி. நான் சொல்லுவனே, அந்த வாத்தியார் இவருதான்" என்று மகளைக் கூப்பிட்டாள்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு சொன்னாரே, அவரா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வூட்ல இதச் சொல்லித்தான் சார் சிரிக்கிறது" என்றாள் பச்சையம்மாள். "இவ பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு அடம் புடிச்சா, 'போயி உள்ள குந்துடி, இல்லன்னா வேடிக்கை பாக்க வந்தவன்னுடுவாங்க'ன்னுவேன்."

நானும் சிரித்துவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "நீ படிச்சிருக்கலாம் பச்சையம்மா" என்றேன்.

அவள் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் வந்தேனே சார்" என்றாள்.