சுரங்கத்தார் மூடிய குழி

வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் குடியிருந்துகொண்டே ஒருநாள்கூட நிலமட்டத்துக்கு மேலே வராத மனிதர் என்றால், அது எங்கள் சுரங்கத்தார் ஒருவர்தான். குருநாகல் பக்கம் ஒரு பென்சில்கரிச் சுரங்கத்தில் கிளாக்கராக இருந்தவர். நட்டம் என்று சுரங்கத்தைக் கைவிட்டார்கள். முதலாளி போனார், வேலையாட்கள் போனார்கள். சுரங்கத்தார் மட்டும் ஓய்வுபெற மறந்து, டோக்கன் பலகையையும் தூக்கிக்கொண்டு எங்கள் லொட்ஜுக்கு வந்து சேர்ந்தார்.

சுரங்கத்தில் இறங்குகிறவர் இலக்கமிட்ட பித்தளை டோக்கன் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஏறியதும் அதை ஆணியில் மாட்ட வேண்டும். லொட்ஜிலும் அதே சட்டம். நாங்கள் கந்தோருக்கு வேலைக்குப் போனால் 'இறங்கினோம்', திரும்பினால் 'ஏறினோம்'. எட்டாம் இலக்கக்காரர் டோக்கனோடேயே கலியாணம் கட்டப் போய்விட்டார். சுரங்கத்தார் ஹெவ்லொக் டவுன் மண்டபத்தில், மணவறைக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நீர் இன்னும் மேல வரேல்லை."

பெண்வீட்டார் வெலவெலத்துப் போனார்கள்.

லொட்ஜில் இருந்த கெமிஸ்ட்ரி டியூஷன் மாஸ்டர் ஒருநாள், "ஐயா, பென்சில்கரி ஒரு உலோகமே இல்லை" என்று சொல்லிவிட்டார். சுரங்கத்தார் மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. டோக்கன் மட்டும் கொடுத்தார்.

பலகையில் பதினேழாம் ஆணி எப்போதும் வெறுமையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"குழிக்குள்ள தண்ணி வந்த அண்டைக்கு சோமபால அந்த டோக்கனைக் கொண்டு இறங்கினவன். நான்தான் எடுத்துக் குடுத்தனான்" என்றார். பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு செய்தி வந்தது. மாடுகள் விழுகின்றன என்று தோட்டத்துச் சொந்தக்காரர் அந்தப் பழைய குழிக்கு மண் போடப் போகிறார். சுரங்கத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. குழியை மூடுமுன் கிளாக்கர் எல்லா இலக்கங்களையும் கூப்பிட வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் 'வந்தேன்' சொன்ன பிறகுதான் பதிவுக் கொப்பியில் கையெழுத்து. கைவிட்டுப்போன அவசரத்தில் யாரும் கூப்பிடவில்லை.

"கூப்பிடாமல் மூடினா, ஆள் உள்ளுக்க இருக்கேக்க மூடின மாதிரியெல்லோ?"

ஒரு போயா விடுமுறை நாள் வான் பிடித்து ஆறு பேர் அவரோடு போனோம். ட்ரக்டர் மண்ணோடு உறுமிக்கொண்டு நின்றது. "இக்மன் கரன்ன, மாத்தயா" என்று ட்ரைவர் அவசரப்படுத்தினார். சுரங்கத்தார் கோட்டுப் போட்டுக்கொண்டு குழியோரம் நின்று, ஒன்றிலிருந்து சிங்களத்தில் கூப்பிட்டார். செத்தவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் பதிலாக நாங்கள் முறைவைத்து 'ஆவா', வந்தாச்சு என்றோம். கெமிஸ்ட்ரி மாஸ்டர் மட்டும் நாலு தரம் வந்தார்.

"தஹஹத!"

பதினேழுக்கு வாய் திறக்க எங்கள் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். ட்ரைவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் என்ஜினை நிறுத்தி, இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றினார்.

"ஆவா, மாத்தயா."

சுரங்கத்தார் கொப்பியில் கையெழுத்துப் போட்டார். மண் விழுந்து முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு எங்களை வான் கதவடியில் வரிசையாக நிறுத்தி, ஆறு பேரையும் இரண்டு தரம் எண்ணினார். மற்ற நாளென்றால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். அன்றைக்கு, மூன்றாம் தரமும் எண்ணட்டும் என்று அசையாமல் நின்றேன்.