பம்புக்குக் கால் கிடையாது

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரர் தன் சொந்தக் கையால், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம். படகு மோட்டாரும் சுகமாகிக்கொண்டு வருகிறது. அங்கு நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் வேன் சுகமா? வேனுக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும். காரணம் கீழே வருகிறது.

இதுவரை உனக்கு வந்த என் கடிதங்களை எல்லாம் மருந்துக்கடைக்காரர்தான் எழுதினார். முதியோர் வகுப்பில் வாசிக்கக் கற்ற பிறகு, போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான் ‘அறிவுகெட்டவனே’ என்று சொன்ன இடத்தில் எல்லாம் அந்த மனிதர் ‘அன்புள்ள’ என்று போட்டிருக்கிறார். ஆகவே என்னிடமிருந்து இதுவரை கிடைத்த அன்பில் பெரும்பகுதியை நீ கழித்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தில் உள்ளது மட்டும் அசல்.

இனி விஷயம். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ வேனோடு வந்து மோட்டாரைத் தூக்கிப்போய்ப் பழைய இரும்புக் கடையில் போடப்போவதாக உன் அக்கா சொல்கிறாள். அது உன்னைவிட மூத்த மோட்டார், கொஞ்சம் மரியாதையாக நினை. வாழ்நாள் முழுக்கப் படகுத்துறையில் துடுப்புப் போட்டவன் நான். துடுப்புப் போடுகிறவன் போகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அக்கரை எப்படி நெருங்கி வரும் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. செத்துப்போவதற்குள் ஒரு முறை, பின்னால் மோட்டார் ஓட, போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்து போக வேண்டும். இவ்வளவுதான் ஆசை. இதற்குப் போய் வேனா?

மோட்டாரை மாட்டிவைக்க உறுதியான பலகை வேண்டும் என்பதால் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருக்கிறேன். உன் அக்கா தினமும் படுக்கும்போது, “கட்டில் இன்னிக்கு எந்த ஊருக்குப் போகுது?” என்று கேட்கிறாள். கேட்கட்டும். உதிரி பாகம் தேடி முதலில் பெரிய கடைக்குப் போனேன், கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், டை கட்டிய ஒரு பையன், “பெரியவரே, இதைச் செஞ்ச கம்பெனியை மூடியே ரொம்பக் காலமாச்சு, புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்” என்றான், “உங்க தாத்தாவுக்கு முட்டி வலிச்சா புதுத் தாத்தா வாங்குவியா தம்பி?” என்று கேட்டேன், அவன் கொஞ்சம் யோசித்து, “எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருந்தா பாப்பேன்” என்றான். அதன் பிறகு கடை வாசல் மிதிக்கவில்லை. பிளக்கு, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிற மிஷினில் இருந்து வந்தது, தோட்டக்காரர் என் சிநேகிதர், அங்கே புல் வளர்ந்தால் யாரும் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. பெட்ரோல் டேங்குக்கு மூடி இல்லை, சீனி டப்பாவின் மூடி அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிறு, உன் அக்கா துணி காயப்போடும் கொடிக்கயிறு. எறும்புக்கும் ஈரத்துணிக்கும் காரணம் தெரியாமல் அவள் அலைகிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன், நீயும் வாயைத் திறக்காதே. மத்தியானம் ஆனால் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாள், இதுவரை ஒரு தலையணை உறைகூட வீடு வந்து சேரவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். தண்ணீரை உறிஞ்சி மோட்டாரைச் சூடாகாமல் காப்பாற்றுகிற பம்பு. அது இல்லாமல் ஓட்டினால் மோட்டார் கருகிவிடும். துறைமுகத்தில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் வாழ்க்கையின் முதல் தபால் அட்டையை அவருக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்று அப்படியே தருகிறேன்: ‘பழைய தண்ணீர்ப் பாம்பு ஒன்று அவசரமாகத் தேவை. என்னிடம் உள்ள பாம்புக்கு ரப்பர் இறக்கை உதிர்ந்துவிட்டது. பாம்பு மட்டும் கிடைத்தால் போதும், மீதி உடம்பு வீட்டில் உள்ளது.’

பம்பு வரவில்லை. வியாபாரி பயந்துபோய்ச் சொல்லியனுப்ப, பாம்பு பிடிக்கிறவர் கொக்கியும் சாக்குமாக வந்து நின்றார். உன் அக்கா ஒரே தாவில் கட்டில்மேல் ஏறிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் போச்சுங்க?” என்று அங்கிருந்தே அவரைக் கேட்டாள்.

“போகலைம்மா. ரிப்பேராகிக் கிடக்காம். இறக்கை உதிர்ந்துபோச்சாம்.”

“பாம்புக்கா? இறக்கையா?”

“எனக்கும் புதுசாத்தான் இருக்கு. அதான் பெரிய சாக்கா எடுத்துட்டு வந்தேன்.”

அவரை அனுப்பிவைத்துவிட்டு வகுப்பு டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. “ஐயா, நீங்க பம்புக்குக் கால் போட்டுட்டீங்க. வீட்ல காட்டியிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்களே” என்றது. என்னைக் கேலி செய்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் மச்சான், நீயே நியாயம் சொல். பாம்புக்குக் கால் உண்டா? காலே இல்லாத பிராணிக்குக் கால் போட்டு எழுதவேண்டுமாம். தெருமுனையில் இரும்புக் காலை ஊன்றி நிற்கிற பம்புக்குக் கால் கூடாதாம். இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் ஆற்றின் நடுவில் இறக்கிவிடுவேன்.

பிறகு நானே வழி கண்டேன். நீ உன் அக்காவுக்கு ஆசையாக வாங்கித் தந்தாயே தடித்த ரப்பர் செருப்பு, அதன் இடது காலை விசிறிபோல் அறுத்துப் பம்புக்குள் வைத்தேன். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி, கயிற்றை இழுத்தேன். இழுத்தேன். இழுத்தேன். புகைந்தது, இருமியது, ஓடியது! ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்து என் முகத்தில் விழுந்தது. அழுதேனா என்று யாருக்கும் தெரியாது. செருப்பை எதிர்வீட்டு நாய் தூக்கிப்போய்விட்டது என்று உன் அக்கா அதைத் தினமும் திட்டுகிறாள். பாவம் பார்த்து நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் போட்டேன்.

ஆகையால் ஞாயிறு நீ வரவேண்டாம். வேனின் சக்கரங்கள் நீண்ட ஆயுளோடு உன் வாசலிலேயே நிற்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உனக்கும் அன்பு, இது மருந்துக்கடைக்காரர் போட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போய் வருவதற்குள் உன் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள். தையல் வகுப்பு என்று போனதெல்லாம் அதே டீச்சரிடம் பெண்களுக்கான மத்தியான வகுப்பாம். என்னைவிட ஒரு புத்தகம் முன்னால் இருக்கிறாள். மேலே நான் விட்ட புள்ளிகளை எல்லாம் அவள்தான் வைத்தாள், ‘அறிவுகெட்டவனே’க்கும் சேர்த்து. நீ ஞாயிறு கட்டாயம் வேனோடு வரவேண்டுமாம், இரும்புக் கடைக்கு அல்ல, துறைக்கு. செருப்பு அவளுடையதாம், அதனால் மோட்டாரும் அவளுடையதாம், அவள்தான் ஓட்டுவாளாம். வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் துடுப்போடு உட்காரவேண்டுமாம், வழக்கம்போல் அக்கரைக்கு முதுகைக் காட்டி, அவள் முகத்தைப் பார்த்தபடி. வரும்போது அதே செருப்பில் இடது கால் மட்டும் ஒன்று வாங்கி வா. ஜோடியாகத்தான் தருவோம் என்பார்கள். விடாதே, ஊரெல்லாம் தேடு. உதிரி பாகம் தேடுகிறவன் கஷ்டம் உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.