ரெண்டு கரண்டிச் சோறு

“மதியம் காய் எப்படிங்க இருந்துச்சு?” என்று மனைவி கேட்டதும் லென்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. டப்பாவில் என்ன காய் இருந்தது என்றே அந்த மனுஷனுக்குத் தெரியாது.

“பிரமாதம். வழிச்சுத் தின்னுட்டேன்.”

“உப்புப் போட மறந்துட்டேனே.”

“அதான் விசேஷம். உப்பில்லாமத்தான் காயோட ருசியே தெரியுது.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அன்று ராத்திரியிலிருந்து வீட்டுச் சமையலில் உப்பும் பாதியாகிப் போனது.

எல்லாம் டாக்டர் சொன்னதால் வந்த வினை. “சர்க்கரை இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது. வேளாவேளைக்கு வெள்ளைச் சோத்தைக் குமிச்சுத் தின்னா, கூப்பிட்டு உக்கார வெச்ச மாதிரி.” லென்ஸ்காரரின் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்துக் கால் விரலை எடுப்பதில் போய் முடிந்தது. மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். மறுநாளே அரிசி டின் பரண் ஏறியது. டப்பாவில் கோதுமை ரவையும் வேகவைத்த காயும் வந்து உட்கார்ந்தன.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது இவர் வேலை. எதிர் மேஜையில் ஃபிரேம் மாட்டுபவன் ஒட்டடைக்குச்சி. ஆள் அந்த உயரம், அந்த மெலிவு. இவர் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருக்கிறான். கொஞ்ச நாளாகக் கடைக்கு இவருக்கு அப்புறம்தான் ஆடி அசைந்து வருகிறான். ஒருநாள் மதியம் டப்பாவைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று சோறு, மேலே பருப்பு, ஓரத்தில் லேசாகக் கருகின பூண்டு.

“மாத்திக்கலாமாடா?”

“எடுத்துக்கோங்கண்ணே. எனக்கு எதுன்னா என்ன?”

முதல் வாயிலேயே லென்ஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு, இருந்ததும் ஒரே தட்டு. அடுப்பைத் தணிக்கத் தெரியாமல் அவள் பூண்டைத் தினமும் கருக்குவாள். அந்தக் கருகலுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். சிரித்துச் சிரித்துப் பாதிச் சோறு பாயில் கிடக்கும். அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது. இப்போது ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நேரம்.

“யாருடா சமைக்கிறது?”

“தெரிஞ்சவங்க வீட்டுலண்ணே.”

“கொஞ்சம் கூடப் போடச் சொல்லேன்.”

“கேட்டுப் பாத்துட்டேன். அசைஞ்சு குடுக்க மாட்டேங்கறாங்க.”

ஆக, தினமும் ரெண்டே கரண்டி. ஆனாலும் இவருக்கு மனசு நிறைந்துவிடும்.

உப்பு விவகாரத்துக்குப் பிறகு லென்ஸ்காரர் உஷாரானார். டப்பாவில் என்ன இருந்தது என்று ஒட்டடைக்குச்சியிடம் பாடம் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். “பீன்ஸ் அருமை” என்று ஒப்பித்தார். பீன்ஸ் ராத்திரியும் வந்தது. மனசு உறுத்தியதால் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பினார். “பாத்தீங்களா, காய் குடுக்கற தெம்பை” என்று அவள் காலையிலும் பீன்ஸ் வைத்தாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை வாசல் படியை விட்டு இறங்கியிருந்தது. “எல்லாம் உங்க கைப்பக்குவம்மா” என்றார் டாக்டர். மனைவி இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் கூனிக்குறுகிப் போனார்.

மறுநாள் மதியம் சோற்று டப்பாவைத் தள்ளி வைத்தார்.

“வேணாம்டா. எனக்காக அழுதவ அவ. அவளை ஏமாத்தித் தின்னா இந்தச் சோறு தொண்டையில இறங்கல. இன்னிக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.”

ஒட்டடைக்குச்சி பதறிப்போனான்.

“சொல்லிக் கெடுத்துடாதீங்கண்ணே. வீட்டுல போட்டா இவர் ரெண்டு கரண்டியோட நிறுத்த மாட்டாரு, திருட்டுத்தனமாத் தின்னாத்தான் அளவாத் தின்பாருன்னு, நீங்க கெளம்புனப்புறம் அண்ணிதானே தினம் இந்த டப்பாவை என்கிட்டக் குடுத்து விடறாங்க.”