தேவாங்கு அணியும் உச்சிவேளை அட்டவணையும்

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் நட்டார்கள். யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்; அந்தக் காட்டு மிருகங்களே கேட்கவில்லை. ஆறே மாதத்தில் சிறுத்தை மானைத் துரத்துவதை விட்டுவிட்டு, அதே மானோடு ஒரே பாறையில் உட்கார்ந்து 'தேன்கூடு' ஆடிக்கொண்டிருந்தது.

தேன்கூடு என்பது செல்போன் விளையாட்டு. அணிக்கு ஐந்து பேர். திரையில் அணிக்கொரு கூடு, கூட்டில் பத்துக் குடம் தேன். எதிரியின் குடத்தைத் தூக்கி வந்து நம் கூட்டில் வைக்க வேண்டும். அரை மணி நேரம் முடியும்போது யார் கூட்டில் குடம் அதிகமோ அவர்களுக்கு வெற்றி. இதைவிட உருப்படாத வேலை உலகத்தில் கிடையாது என்று ஆமை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. பிறகு ஆமையும் ஓர் அணி சேர்த்தது.

உருப்படாத வேலை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குழு வந்துவிடும். வந்தது. வருஷா வருஷம் வனக் கோப்பை நடத்தினார்கள். மூன்றாம் வருஷம் பதினாறு அணிகள், நான்கு பிரிவுகள், பிரிவுக்கு இரண்டு அணிகள் காலிறுதிக்கு என்று அறிவித்தார்கள். கூடவே இன்னொன்றும் அறிவித்தார்கள். காட்டில் சிக்னல் ஒழுங்காக வரும் மரங்கள் நாலே நாலு. அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளுக்கு அந்த மரங்கள் பயிற்சிக்காக ஒதுக்கப்படும். அதில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அதன்பின் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்; அவர்களே அரையிறுதிக்கு வந்தால் இருந்துகொள்ளலாம்.

அந்த நான்கில் ஒன்று மேற்கு எல்லையில் நின்ற புளியமரம். அதில்தான் தேவாங்கு சோலையம்மாள் தன் கூட்டத்தோடு குடியிருந்தாள். பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அதே மரத்தில். தேவாங்கு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவது நம் மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற காரியமில்லை. தரையில் இறங்கினால் நாய் பிடிக்கும், சாலையைக் கடந்தால் லாரி அடிக்கும். அறிவிப்பைக் கேட்டதும் அவள் அன்றைக்கே ஓர் அணி சேர்த்துப் பதிவு செய்தாள். அவளுக்குக் கோப்பை வேண்டாம். மரம் வேண்டும்.

அணி மோசமில்லை. தேவாங்குக்கு நடைதான் மெதுவே தவிர விரல் மெதுவில்லை. இருட்டில் பூச்சி பிடித்த விரல்கள். திரையில் குடம் தூக்குவது அதற்கு ஒரு வேலையா? கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று நாம் திட்டுகிறோமே, அந்த முழிக்குத் தப்பி ஒரு குடமும் நகராது. பயிற்சி ஆட்டங்களில் சோலையம்மாள் அணியைப் பார்த்துச் சிறுத்தையே பயந்தது.

பிரிவு பிரிக்கும் நாள் வந்தது. சீட்டெடுக்க ஒரு கிளியை வைத்தார்கள். ஊரில் ஜோசியக்காரரிடம் வேலை பார்த்துவிட்டுத் தப்பி வந்த கிளி. சீட்டெடுத்துப் பழக்கம் உண்டு, யாருக்கும் உறவில்லை, ஆகவே நடுநிலை என்றார்கள். போட்டிக்கு விளம்பரதாரர் கரடி. கரடிக்கும் ஓர் அணி இருந்தது. அதை முதல் பிரிவில் வைத்துவிட்டு, கூட விளையாட மூன்று அணிகளை எடுக்கச் சொன்னார்கள். கிளி எடுத்தது: நத்தை, ஆமை, மண்புழு. மண்புழுவுக்குக் கையுமில்லை, கண்ணுமில்லை. கூட்டம் கைதட்டியது. அந்த மூன்று சீட்டிலும் கொய்யாப்பழ வாசனை வந்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் மோந்தார்கள். மோந்துவிட்டு அவர்களும் கைதட்டினார்கள்.

நான்காம் பிரிவில் வந்து விழுந்தவை: போன வருஷம் ஜெயித்த மந்தி அணி, அதற்கு முந்தின வருஷம் ஜெயித்த கீரி அணி, அணில் அணி, தேவாங்கு அணி. போனால் போகிறது என்று சோலையம்மாள் பொறுத்துக்கொண்டாள். அட்டவணையைப் பார்த்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. தேவாங்கு அணிக்கு மூன்று ஆட்டங்கள். மூன்றும் பகல் பன்னிரண்டு மணி.

அட்டவணை போட்டவர் போட்டி அதிகாரி உடும்பு இருளப்பர். உடும்புப்பிடி என்பதை அவர் தன் தகுதிகளில் ஒன்றாகப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்.

"ஐயா, நாங்க ராத்திரி ஜீவன்" என்றாள் சோலையம்மாள். "உச்சி வெயில்ல ஆடச் சொன்னா எப்படிங்கய்யா?"

"வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. இங்க பாரபட்சம் கிடையாது."

"கரடி அணிக்கு மட்டும் மூணு ஆட்டமும் சாயங்காலம் போட்டிருக்கே?"

"அவங்க விளம்பரதாரர். அது பாரபட்சமில்ல, மரியாதை. நேரம் மாத்தணும்னா படிவம் ஏழு இருக்கு. பகல் பதினோரு மணியிலேருந்து ஒரு மணிக்குள்ள நேர்ல வந்து குடுங்க."

மறுநாள் அவள் போனாள். கண் எரிந்தது, தலை சுற்றியது, வழியில் இரண்டு முறை கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். எப்படியோ போய்ச் சேர்ந்து படிவத்தை நீட்டினாள். இருளப்பர் வாங்கவில்லை.

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டேகாலுங்க."

"நீங்க முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா?"

"முழிச்சித்தான் இருக்கேன். எப்படியோ."

"அப்புறம் என்னம்மா? பகல்ல முழிச்சிருக்க முடியும்னு நீங்களே நேர்ல வந்து நிரூபிச்சிட்டீங்களே!"

அதையே படிவத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதி, 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்தி உள்ளே வைத்தார். தூங்கிக்கொண்டே வந்திருந்தால், சுயநினைவில்லாமல் கொடுத்த மனு செல்லாது என்றிருப்பார். எனக்கு அவரைத் தெரியும்; உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் ஆட்டம் மந்தி அணியோடு. பத்தாவது நிமிடத்தில் தேவாங்கு அணியில் மூன்று பேர் உருண்டையாகச் சுருண்டு தூங்கிப்போனார்கள். பத்துக் குடமும் போயிற்று. இரண்டாவது ஆட்டம் அணில்களோடு. பாவம், அணில்களுக்கு அன்று காலையிலிருந்து இது மூன்றாவது ஆட்டம். மற்ற அணிகளுக்கு இடையில் இரண்டு நாள் ஓய்வு, அணிலுக்கு மட்டும் எல்லாம் ஒரே நாள். சின்ன உடம்புதானே, சீக்கிரம் களைப்பு தெளிந்துவிடும் என்று இருளப்பர் கணக்கிட்டிருந்தார். விரல் வீங்கிப்போன அணில்களைத் தூக்கக் கலக்கத்தில் இருந்த தேவாங்குகள் இரண்டு குடம் வித்தியாசத்தில் ஜெயித்தன. அதைப் பார்த்த யாருக்கும் அது விளையாட்டென்று தோன்றவில்லை.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. மந்தி அணி கீரிகளோடு ஆடும்போது, குடம் தூக்குவது சிரமமாக இருக்கிறதென்று கீரிகளின் செல்போன்களையே பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அணியை நீக்கி, அவர்கள் ஆடிய ஆட்டங்களையும் ரத்து செய்தார்கள். இப்போது நான்காம் பிரிவில் மூன்று அணிகள். அணில் இருவரிடமும் தோற்றுவிட்டது. தேவாங்கும் கீரியும் காலிறுதிக்குப் போவது உறுதி. மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தில் ஜெயிப்பவர் பிரிவில் முதலிடம், தோற்பவர் இரண்டாமிடம்.

சோலையம்மாள் நிம்மதியாக மூச்சு விடப் போனாள். அதற்குள் முதல் பிரிவின் முடிவு வந்தது. அங்கே முதலிடம் நத்தை!

கரடிகள் நத்தைகளோடு ஆடும்போது ஆவேசத்தில் திரையை அழுத்தியதில் ஐந்து செல்போன்களும் நொறுங்கிவிட்டன. மறு ஆட்டம் வைத்துக் கரடியை ஜெயிக்க வைக்கலாமென்றால், நத்தைகளுக்குச் சலுகை நேரம் கொடுத்து அந்த ஓர் ஆட்டமே நான்கு நாள் இழுத்திருந்தது, அட்டவணையில் இடமில்லை. ஆகவே கரடி இரண்டாமிடம். விதிப்படி நான்காம் பிரிவின் முதலிடம் காலிறுதியில் கரடியோடு மோத வேண்டும். இரண்டாமிடம் நத்தையோடு.

கரடி அணியை ஜெயிக்க முடியாது என்றில்லை. ஜெயித்த பிறகு மைதானத்தை விட்டு வெளியே வர முடியாது, அவ்வளவுதான். நத்தைக்கு ஓடு இருந்தது, பிழைத்துக்கொண்டது. தேவாங்குக்கு என்ன இருக்கிறது?

கடைசி ஆட்டங்களை எல்லாப் பிரிவிலும் ஒரே நேரத்தில் வைத்திருந்தால் இது ஒருவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்காது. இதை ஒரு நண்டு எழுந்து கேட்டதாம். நண்டு பக்கவாட்டில் யோசிக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆக, மரம் வேண்டுமானால் தோற்க வேண்டும். சோலையம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. விளையாடி ஜெயிக்க வந்தவள் அவள். ஆனால் ஒரு சமாதானம் இருந்தது: ஆட்டம் பகல் பன்னிரண்டு மணிக்கு. வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. கண்ணை மூடினால் போதும், தூக்கம் பார்த்துக்கொள்ளும். நேர்மையாகத் தோற்கலாம். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த அட்டவணையைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அன்று மாலையே இருளப்பர் புளியமரத்தடிக்கு நேரில் வந்தார். முகத்தில் அப்படியொரு கருணை.

"ஏம்மா, உங்க படிவம் ஏழு பாஸாயிருச்சு. நாளைக்கு ஆட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு. சந்தோஷந்தானே?"

சோலையம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். "வேண்டாங்கய்யா. நாங்க பகல்லயே ஆடிக்கிறோம். மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸ் வாங்குறதுக்குப் படிவம் எட்டு. பதினஞ்சு நாள் ஆகும்."

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தேவாங்குகள் ஐந்துக்கும் கண் பளபளவென்று விழித்திருந்தது. எதிரே கீரிகளின் தலைவன் மலையாண்டி. அவனுக்கும் கரடியைத் தெரியும்.

"அக்கா, நீங்க பெரியவங்க. நீங்கதான் ஜெயிக்கணும்" என்றான்.

"அதெல்லாம் முடியாது தம்பி. இந்தக் கோப்பையில ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஜெயிச்சவங்க நீங்க."

தேவாங்குகள் தங்கள் குடங்களைத் தூக்கிக் கீரிகளின் கூட்டில் வைத்தன. கீரிகள் அவற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, தங்கள் குடத்தையும் சேர்த்து, தேவாங்குக் கூட்டில் வைத்தன. எந்தப் பக்கமும் தன் கூட்டைக் காவல் காக்கவில்லை. எதிரி குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிடாதபடி ஒவ்வொரு பக்கமும் தன் கூட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வர்ணனை சொன்ன மைனா, "இதுவரை கண்டிராத வியூகம்!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் கோப்பையிலேயே இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான்.

மணி அடித்தபோது பத்துக்குப் பத்து. சமநிலை.

இருளப்பர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சமநிலை ஆனால் இரண்டு அணித் தலைவர்களும் தங்கள் கோரிக்கையை எழுதித் தர வேண்டும். அதிகாரியின் முடிவே இறுதி.

மலையாண்டி அந்த இடத்திலேயே காகிதத்தை வாங்கி எழுதினான். எழுதும்போதே அழுதான். 'நாங்கள் மிக மட்டமாக ஆடினோம். தயவுசெய்து எங்களைத் தோற்றவர்கள் என்று அறிவிக்க வேண்டும்.' ஓடிப்போய் இருளப்பரின் காலில் விழுந்து நீட்டினான்.

சோலையம்மாளும் அதையேதான் எழுத உட்கார்ந்தாள். 'எங்களை' என்று எழுதிவிட்டு இருளப்பரை நிமிர்ந்து பார்த்தாள். மலையாண்டி கெஞ்சக் கெஞ்ச அவருடைய வால் திருப்தியாக ஆடிக்கொண்டிருந்தது. அப்போது அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இவர் கெட்டவரில்லை. லஞ்சம் வாங்குபவர்கூட இல்லை. கேட்பவர் முகத்தில் ஆசை தெரிந்தால் இவர் கை தானாக மறுக்கும் முத்திரையை எடுக்கும். ஆசை போன பிறகு தானாகக் கொடுக்கும். இத்தனை நாளாக அவள் நியாயத்தை நியாயமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தப்பு அவள் மேல்தான்.

மேலே எழுதினாள். 'எங்களையே வென்றவர்கள் என்று அறிவிக்க வேண்டும். கரடி அணியோடு மோதுவது எங்கள் பிறவி லட்சியம்.' அடியில் கையெழுத்துப் போட்டு, இரண்டு கைகளாலும் நீட்டி, தேவாங்கால் மட்டுமே முடிகிற மாதிரி கண்ணை அகல விரித்தாள்.

"ஐயா, இது ஒண்ணை மட்டும் குடுத்துருங்கய்யா. செத்தாலும் மறக்க மாட்டோம்."

இருளப்பர் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரையை மையில் ஒற்றினார்.

"தோல்வி கேட்ட கீரி அணியின் மனு நிராகரிக்கப்படுகிறது. வெற்றி கேட்ட தேவாங்கு அணியின் மனுவும் நிராகரிக்கப்படுகிறது. கீரி முதலிடம், தேவாங்கு இரண்டாமிடம். யாருக்கும் கேட்டது கிடைக்கல. இதுதாம்மா நடுநிலை!"

சோலையம்மாள் தரையில் புரண்டு அழுதாள். அழுது முடித்து எழ மனசில்லாத அளவுக்கு அந்த அழுகை இனிமையாக இருந்தது.

காலிறுதியில் மலையாண்டியின் அணி கரடியோடு மோதியது. ஜெயிக்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டுத் தோற்றார்கள். அப்படியும் ஒருவனுக்கு வால் போயிற்று. தேவாங்குகள் நத்தைகளோடு ஆடின. ஆட்டம் வழக்கம்போல உச்சி வெயிலில், தேவாங்குகள் தூங்கின. நான்கு மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தபோது முதல் நத்தை பாதித் திரைகூடக் கடந்திருக்கவில்லை. சலுகை நேரம் இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தது. எழுந்து சோம்பல் முறித்துவிட்டு ஜெயித்தார்கள்.

புளியமரம் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. ஆணையை இருளப்பர் கையாலேயே கொடுத்தார். அந்த வருஷம் சிறந்த நடுநிலையாளர் விருது அவருக்குத்தான்.

மேடையிலிருந்து இறங்கும்போது அவர் கேட்டார்: "அடுத்த வருஷம் ஆட்ட நேரம் எப்படிம்மா வேணும் உங்களுக்கு?"

"பகல் பன்னெண்டுதாங்கய்யா" என்றாள் சோலையம்மாள், கண்ணை அகல விரித்து. "கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

நீதி: நியாயம் வேண்டுவோர் அநியாயம் கேட்டு மனுச் செய்க, கட்டாயம் நிராகரிக்கப்படும்.